பழைய காரின் பின் டிஃபரன்ஷியல்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்துப் பெரிய வீடுகளின் கொட்டகைகளில் அம்பாசடரும் பத்மினியும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இன்னும் நிற்கின்றன. படைப்பு என்னும் முன்னோர் வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே வருகின்றன. அப்போதுதான் "பின்னால் ஒரே ஊளைச் சத்தம், டிஃபரன்ஷியல் போய்விட்டதாம், முழுவதும் மாற்ற வேண்டுமாம்" என்ற பதற்றமும் வருகிறது. அந்தச் சமயத்தில் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிஃபரன்ஷியலைத் திறப்பதற்கு நான் கடைசியில்தான் சம்மதிப்பேன். பல வருடம் ஒன்றோடொன்று பழகிய பல்லைக் கலைத்துவிட்டு, புதியதை அவசரமாகப் பூட்டுவது வண்டிக்கு நல்லதல்ல.

டிஃபரன்ஷியல் என்ன வேலை செய்கிறது?

மூன்று வேலை. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைத் திருப்பிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது; வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது; வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. முதல் இரண்டும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும், அது சுழற்றும் கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் செய்பவை. மூன்றாவது, அவற்றுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன், சன் கியர் என்ற சின்னப் பல்சக்கரங்களின் வேலை. எது தேய்ந்திருக்கிறது என்று கேட்கும்போது இந்தப் பிரிவினை நினைவிருந்தால் போதும்.

எல்லாப் பழைய கார்களிலும் ஒரே அமைப்புதானா?

இல்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரில், இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் ஒரே உறுதியான குழாய். பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஃபியட் 1100 வழிவந்த பத்மினியிலும் அப்படித்தான். சென்னையில் தயாரான ஹெரால்டு வேறு சாதி. அதில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பூட்டப்பட்டிருக்கும். ஸ்பிரிங் அதன் மேல் குறுக்காகக் கிடக்கும். இருபுற ஷாஃப்டுகளும் உட்பக்கத்து யூ-ஜாயிண்டிலிருந்து (மடங்கியபடியே சுழலும் இணைப்பு) ஊஞ்சலாடும். ஆகவே ஹெரால்டில் "டக்" என்று கேட்டால் முதல் சந்தேகம் அந்த ஜாயிண்டுகளின் மீதுதான் விழ வேண்டும்.

மாருதி 800-ஐக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின் டிஃபரன்ஷியல் சத்தம் என்று சொல்பவர்களும் உண்டு. அது முன் சக்கரத்தால் ஓடும் வண்டி. பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது. ஆம்னியில் உண்டு.

சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், பொறுமை இருந்தால். காரைக்குடியிலிருந்து திருமயம் போகும் நெடுஞ்சாலை போல வழுவழுப்பான சாலை ஒன்று வேண்டும். ரேடியோவை நிறுத்துங்கள், கூட வருபவரைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பேசாமல் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவதுதான் கடினம்.

முதலில் டயரைச் சந்தேகத்திலிருந்து விலக்க வேண்டும். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் ஒரு பக்கம் தட்டையாகி, ஊளை போலவே பாடும். அடுத்து, வண்டியை மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாயும்போது மட்டும் சத்தம் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்.

இவை இரண்டும் இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டரைக் கவனிக்க வேண்டும். அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்தவுடன் நின்றால், பினியனும் கிரௌனும் இழுக்கும் பக்கத்துப் பல்லில் தேய்ந்திருக்கின்றன அல்லது சரியாகப் பொருந்தவில்லை. காலை எடுத்தபின் மட்டும் ஊளையிட்டால், பல்லின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்; பினியன் பேரிங் தளர்ந்திருந்தாலும் இப்படிக் கேட்கும். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி உருமினால் பேரிங்கே குற்றவாளி. நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் வண்டியைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் ஸ்டார் பினியன், சன் கியர், அவற்றின் வாஷர்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு முறை "டிக்" என்றால் கிரௌன் வீலில் பல் உடைந்திருக்கலாம். அப்போது ஓட்டிப் பார்ப்பதை அங்கேயே நிறுத்துங்கள்.

கியர் போட்டுக் கிளட்சை விடும்போதும், வேகத்தை விட்டுப் பிடிக்கும்போதும் "டங்" என்று ஒரு அடி கேட்பது வேறு விஷயம். அது பாகங்களுக்கு இடையிலுள்ள தளர்வு, அதாவது ஆட்டம். எங்கே ஆட்டம் என்பதுதான் அடுத்த கேள்வி.

ஆட்டம் யூ-ஜாயிண்டிலா, டிஃபரன்ஷியலிலா?

வண்டியைச் சமதளத்தில், கீழே இறங்கிப் பார்க்கக் குழி உள்ள பட்டறையில் நிறுத்துங்கள். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். கீழே போய், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பின்முனையில் பிடித்து இருபுறமும் திருப்புங்கள். ஷாஃப்ட் அசைந்தும், அது பூட்டப்பட்டிருக்கும் பினியன் ஃபிளாஞ்ச் என்ற தட்டு அசையாமல் இருந்தால், யூ-ஜாயிண்டின் கிராஸ் தேய்ந்திருக்கிறது, சிறிய செலவு. ஃபிளாஞ்சும் சேர்ந்து சுற்றினால், அந்த ஆட்டம் டிஃபரன்ஷியலுக்குள்ளோ ஆக்ஸில் ஷாஃப்டின் ஸ்ப்ளைனிலோ (முனையிலுள்ள வரிப்பள்ளங்கள்) இருக்கிறது. கொஞ்சம் ஆட்டம் எப்போதும் இருக்கத்தான் வேண்டும். பிறகு ஃபிளாஞ்சை மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அந்தத் திசைகளில் கையில் உணரும்படி எந்த அசைவும் இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது. ஊளையை இனிமேல் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

ஜாக்கி போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கியிருக்கும்போது வண்டியைக் கியரில் போட்டிருப்பதால் அது நகராது என்று நம்ப வேண்டாம். தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று வழிவிட, தரையில் இருக்கும் சக்கரம் உருளும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். முன் சக்கரத்துக்குக் கட்டை இல்லாமல் ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அந்த நிலையில் எஞ்சினை ஓட விட்டுக் கியர் போட்டுப் பார்ப்பது அதைவிட ஆபத்து.

ஆயிலைப் பார்த்தால் என்ன தெரியும்?

நிறைய. சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சுத்தமான தட்டில் வடித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒரு காந்தத்தை அதில் விட்டு எடுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பல்லின் மேல்தோல் அல்லது பேரிங் ஓடுபாதை உரிகிறது. துண்டாக வந்தால் கேள்வியே இல்லை, திறக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் வெண்கல வாஷரிலிருந்து வருவது.

ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். மழை அதிகம் பார்க்காத சீமையில் தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பித் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்குகிறோம் அல்லவா? சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுத்துளை வழியாகவும், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் பழைய சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அப்படி ஒருமுறை இறங்கிய வண்டிக்கு அந்த வாரமே ஆயிலை மாற்றிவிடுங்கள். தை வரை காத்திருந்தால் பேரிங்கில் துரு விழுந்துவிடும். துருவை ஆராயும் சிக்ரி ஆய்வு நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஆனாலும் துரு நம் கொட்டகைக்குள் வருவதற்கு யோசிப்பதில்லை.

இரண்டு முறை சீல் மாற்றியும் ஆயில் கசிகிறதே?

மூச்சுத்துளையைப் பாருங்கள். ஆக்ஸில் குழாயின் மேல்புறத்தில் சிறிய மூடி போல ஒன்று இருக்கும். செம்மண் புழுதியும் கிரீஸும் சேர்ந்து அதை அடைத்துவிடும். ஓடும்போது உள்ளே சூடேறி அழுத்தம் கூடும். வேறு வழியில்லாமல் ஆயில் சீல் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவினால் தீர்கிற கோளாறு இது. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இப்படிக் கசியும்.

கசிவு சக்கரத்தின் பக்கமாக இருந்தால் அலட்சியம் வேண்டாம். அந்த ஆயில் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதை நான் ஏற்பதில்லை. மாற்றிவிட வேண்டும்.

எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?

இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஹைபாய்ட் வகைப் பல். அதாவது பினியனின் அச்சு கிரௌன் வீலின் நடுவுக்கு நேராக இல்லாமல் தாழ்ந்திருக்கும். பல் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலைத் தாங்க, ஜிஎல்-5 தரமுள்ள கியர் ஆயில் வேண்டும். 80டபிள்யூ-90 அல்லது 90 கனம். எஞ்சின் ஆயில் கூடாது. மிச்சமான ஜிஎல்-5 ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றவும் கூடாது. அதிலுள்ள கந்தகக் கலவை கியர்பாக்ஸின் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். கியர்பாக்ஸுக்குக் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள்.

அளவுக்குச் சூத்திரம் வேண்டாம். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றி, வழிவது நின்றபின் மூடுங்கள். வடிக்கும் திருகைக் கழற்றும் முன்பே நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்ததை வடித்துவிட்டு, மேல் திருகு துருவேறி அசையாமல் நிற்கும் காட்சி வேடிக்கையாக இருக்காது.

காவலுக்கு இருப்பவர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறாரே, போதாதா?

பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் ஏதோ கொஞ்சம் பயன். பின் ஆக்ஸிலுக்கு எதுவும் இல்லை. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினால் டிஃபரன்ஷியலில் ஒரு பல்லும் சுழலாது. ஆயில் அடியில் தங்க, மேலே இருக்கும் பல்லும் பேரிங்கும் வறண்டு கிடக்கும். சீலின் உதடும் ஒரே இடத்தில் காய்ந்து இறுகிவிடும். மாதம் ஒரு முறையாவது பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வண்டி என்றால், யார் பெட்ரோல் போடுவது என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். கொட்டகையில் பல வண்டிகள் நிற்பதற்குக் காரணம் இயந்திரக் கோளாறு அல்ல.

ஊளையிட்டாலும் அப்படியே ஓட்டலாமா?

ஐயா காலத்து வண்டி, வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர், ஆயிலில் செதில் இல்லை, பினியன் அசையவில்லை, ஊளை பல மாதமாக ஒரே அளவில் இருக்கிறது: இப்படியென்றால் ஆயிலை மாற்றி ஓட்டுங்கள். தேய்ந்த பல் ஊளையிட்டுக்கொண்டே நெடுங்காலம் உழைக்கும். ஊளை உருமலாக மாறினால், சத்தம் மாதத்துக்கு மாதம் கூடினால், பினியன் இருக்கும் மூக்குப் பகுதி கைவைக்க முடியாத அளவு கொதித்தால் நிறுத்துங்கள். பாரம்பரிய விடுதிகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் தினமும் ஓடும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குச் சரிசெய்வதே முறை.

காரைக்குடியிலேயே எதைச் செய்துகொள்ளலாம், எதை வெளியிலிருந்து வாங்க வேண்டும்?

பேரிங்குக்கு வண்டியின் பெயர் தேவையில்லை. ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டுபோனால் நல்ல பேரிங் கடையில் கிடைக்கும். வெளி வளையத்தையும் உள் பகுதியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயில் சீலும் அப்படியே: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் தெரிந்தால் போதும். சன் கியருக்கும் ஸ்டார் பினியனுக்கும் பின்னால் வைக்கும் வாஷர்களை நல்ல லேத் பட்டறையில் பாஸ்பர் வெண்கலத்தில் கடைந்துகொள்ளலாம். "டங்" சத்தத்தில் பெரும்பங்கு இதிலேயே அடங்கிவிடும்.

கிரௌன் வீலையும் பினியனையும் லேத்தில் செய்ய முடியாது. உடைந்த பல்லுக்கு வெல்டிங் வைத்து அரம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தச் சூட்டில் பல்லின் கடினமான மேல்தோல் போய்விடும். புதுப் பெட்டியில் வந்த ஜோடி கிடைக்கிறதா என்று சென்னை ஜி.பி. ரோட்டிலும், கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையிலும் விசாரியுங்கள். அம்பாசடர் என்றால் கொல்கத்தா மல்லிக் பஜாரையும் கேட்டுப் பார்க்கலாம். நம் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஜப்பான் பீங்கானும் இரவிவர்மா ஓவியப் பிரதியும் கிடைக்கும். கிரௌன் பினியன் கிடைக்காது.

பினியன் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் என்ன?

மாற்றாதீர்கள். இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒரு தம்பதியின் கணவனையும் வேறொரு தம்பதியின் மனைவியையும் சேர்த்துக் கட்டிவைத்தது போல ஆகிவிடும். கடையில் வாங்கும்போது அந்த எண் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

பூட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்?

முழுக் கஷ்டமும் அங்கேதான். அம்பாசடரில் கழற்றுவது சுலபம்: ஷாஃப்டைப் பிரித்து, ஆக்ஸில் ஷாஃப்டுகளை இருபுறமும் வெளியே இழுத்துவிட்டால், மூக்குப் பகுதி முழுவதுமாக முன்பக்கமாகக் கையோடு வந்துவிடும். ஆக்ஸிலை இறக்கத் தேவையில்லை. கழற்றும் முன் பேரிங் மூடிகளில் எது இடம், எது வலம் என்று புள்ளி குத்திவையுங்கள். அவை அந்தந்த இடத்தோடு சேர்த்துக் கடையப்பட்டவை.

பூட்டும்போது மூன்று அளவு சரியாக வர வேண்டும். பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது; பினியன் பேரிங் எவ்வளவு இறுக்கம்; கிரௌனுக்கும் பினியனுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி. ஆழத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து மாற்றுவார்கள். இறுக்கத்தை, ஃபிளாஞ்சில் நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து அளக்கலாம். சில வண்டிகளில் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கும். நட்டை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டால், திரும்பத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புதிய ஸ்பேசர் போட வேண்டும். இடைவெளியை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும். கார்களில் அது பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. "கையாலேயே தெரியும்" என்று சொல்லும் மேஸ்திரியை மதிக்கிறேன். என் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

அளவெல்லாம் வந்தபின் பல்லே சாட்சி சொல்ல வேண்டும். கிரௌனின் சில பற்களில் மெல்லியதாகச் சாயம் பூசி, கொஞ்சம் தடை கொடுத்து இரு திசையிலும் சுற்றினால் பினியன் பட்ட இடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் நுனியோரமாக விழுந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும். அடிவேரில் விழுந்தால் வெளியே எடுக்க வேண்டும். அகன்ற வெளிமுனையில் விழுந்தால் கிரௌனைப் பினியனை நோக்கி நகர்த்த வேண்டும். குறுகிய உள்முனையில் விழுந்தால் விலக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று நகரும். ஆகவே பிரித்து, ஷிம் மாற்றி, மறுபடி பூட்டி, மறுபடி சாயம் பூசிப் பார்ப்பது பல முறை நடக்கும். "காலையில் விடுங்கள், சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பவர் இதைச் செய்யப்போவதில்லை. சாயம் பூசிய தடத்தைப் பூட்டும் முன் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

பிரித்துப் பூட்டுவதற்குப் பதில், வேறு வண்டியிலிருந்து முழு மூக்குப் பகுதியையும் வாங்கிப் போடலாமா?

பல வண்டிகளுக்கு நான் சொல்லும் யோசனையே அதுதான். நன்றாக ஓடிய வண்டியில் கலைக்காமல் கழற்றியது கிடைத்தால், அந்தப் பல் பழகிய நிலையிலேயே வரும். விகிதம் ஒன்றுதானா என்று மட்டும் உறுதிசெய்ய வேண்டும். கழற்றியதில் பல்லை எண்ணலாம்: கிரௌனில் 41, பினியனில் 9 என்றால் விகிதம் ஏறத்தாழ 4.56. உங்கள் வண்டியில் எண்ண, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விட்டு, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றியது என்பதே விகிதம். மாறினால் வண்டி ஓடும். ஆனால் மேடேறும் இழுவையும் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் மாறிவிடும்.

வாங்கும்போது சத்தமே இல்லாத வண்டி, ஒரு மாதத்தில் ஊளையிடுகிறது. எப்படி?

கனமான 140 ஆயிலை ஊற்றி, மரத்தூளைக் கலந்து சத்தத்தை அமுக்கி விற்பது பழைய தந்திரம். நிரப்பும் துளையில் விரலை விட்டு எடுத்துப் பாருங்கள். நார் நாராக வந்தால் புரிந்துவிடும்.

புது ஜோடி போட்டபின் எப்படி ஓட்ட வேண்டும்?

முதல் பயணம் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழுவதும் ஆற விடுங்கள். அப்படிச் சில முறை. முதல் சில நூறு கிலோமீட்டர் வரை குடும்பத்தோடு மூட்டை முடிச்சையும் ஏற்றி மதுரைக்கு விரைய வேண்டாம். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஆயிலை வடித்துப் புதியதை ஊற்றுங்கள். பழைய ஜோடியை இரும்புக் கடைக்குப் போடாமல், ஆயில் தடவிச் சாக்கில் சுற்றி, எந்த வண்டியுடையது என்று எழுதிக் கட்டி வையுங்கள்.

வழியிலேயே உடைந்துவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

பின் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் கிரௌன் சுற்றும். உடைந்த துண்டு பல்லுக்கு நடுவே சிக்கினால் ஆக்ஸில் பூட்டிக்கொண்டு வண்டி சாலையில் குறுக்கே திரும்பும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினாலும் இது மாறாது. கியர்பாக்ஸ் மட்டும்தான் தப்பும். பின்புறத்தைத் தூக்கி இழுக்கும் வண்டியைக் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் லாரியில் ஏற்றுங்கள்.